புதுப்பிப்பு: மஞ்சளான மணி பிளான்ட் இலைகளும் நீங்காத பெயிண்ட் வாடையும்

பெயிண்ட் வாடையைப் போக்குவதற்காகப் படுக்கையறையில் வைத்த மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட் ஆகியவற்றின் இலைகள் மஞ்சளாகி, தொட்டிகளைச் சுற்றிச் சிறு ஈக்கள் பறப்பதைப் பற்றி ஆறு வாரங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

உரம் போதவில்லை என்ற என் ஊகம் தவறு. செடியை வெளியே எடுத்து வேரைப் பார்க்கச் சொன்ன ஆலோசனைதான் பலித்தது. நாள்தோறும் ஊற்றிய தண்ணீர் வடிய வழியில்லாததால் வேர்கள் பழுப்பேறிக் குழைந்திருந்தன. அழுகியவற்றை வெட்டி நீக்கி, அடியில் துளையுள்ள தொட்டியில், பெர்லைட் (தண்ணீர் எளிதில் வடிய உதவும் இலேசான வெள்ளைத் துகள்கள்) கலந்த புதுமண்ணில் நட்டேன். இப்போது மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர் விடுகிறேன். ஸ்நேக் பிளான்ட்டுக்கு மண் முழுவதும் காய வேண்டும். ஈரமான மேல்மண்ணில்தான் அந்த ஈக்கள் முட்டையிடுகின்றன என்பதால், மண் காயத் தொடங்கியதும் அவையும் மூன்று வாரங்களில் மறைந்தன. மணி பிளான்ட்டில் இரண்டு புதிய இலைகள் விரிந்திருக்கின்றன.

நான் எதிர்பாராதது வாடையைப் பற்றியது. செடிகள் காற்றிலுள்ள வேதிப்பொருள்களை அகற்றுவதாகக் காட்டிய நாசாவின் 1989ஆம் ஆண்டு ஆய்வு, காற்றுப் புகாத சிறு பெட்டிகளில் நடந்தது. சாதாரண வீட்டின் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமெனில் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளாவது தேவை என்று 2019இல் வெளியான மறுஆய்வு கணக்கிட்டது. என் அறையில் எதிரெதிர் சன்னல்களைக் காலையும் மாலையும் திறந்து வைத்த ஒரு வாரத்திலேயே வாடை போய்விட்டது. செடிகளை அகற்றவில்லை, அவற்றின் பசுமைக்காகவே வளர்க்கிறேன்.