ஃபிலிம் படக் கண்காட்சி: பிரிண்ட் இருட்டறையிலா, இங்க்ஜெட்டிலா?

தரமணி ரயில்
எங்கள் குழுவில் ஏழு பேர். ஜனவரியில் சென்னையில் ஒரு வாரத்துக்குக் கூடம் பேசியிருக்கிறோம். காசிமேடு, எண்ணூர், பழவேற்காடு பக்கம் மூன்று வருடமாக எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் 28 தேர்வாகியிருக்கின்றன. இருபது 35 மி.மீ., எட்டு அதைவிடப் பெரிய நெகட்டிவ் தரும் 120 ஃபிலிம். எல்லாமே 16×20 அங்குலத்தில் வைக்க ஆசை.

நெகட்டிவை ஸ்கேன் செய்து, நல்ல பருத்தித் தாளில் இங்க்ஜெட் பிரிண்டரில், நிறத்துகள் கலந்த பிக்மென்ட் மையில் பிரிண்ட் எடுக்கலாம் என்பது என் கட்சி. 28 படமும் ஒரே தொனியில் நிற்கும். ஒன்று பழுதானால் அதே பிரிண்டை மறுநாளே எடுத்துவிடலாம். ஆனால் குழுவில் மூன்று பேர் பிடிவாதமாக இருக்கிறார்கள். இருட்டறையில், நெகட்டிவ் வழியாகத் தாளில் வெளிச்சம் பாய்ச்சும் என்லார்ஜரில் போடாவிட்டால் ஃபிலிம் கண்காட்சி என்று சொல்லாதே என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளி உப்பு
நான் அந்த மூன்று பேர் பக்கம்.

வெள்ளி உப்பு பூசிய இருட்டறைத் தாளில், அதாவது வெள்ளித் தாளில், கறுப்பு என்பது மேலே படிந்த மை இல்லை, ஜெலட்டின் படலத்துக்குள்ளே இருக்கும் வெள்ளித் துகள். நிழலுக்குள் கண் இறங்கிப் போகும். பளபளப்பில்லாத மேட் பருத்தித் தாளில் கறுப்பு அவ்வளவு ஆழம் வராது. விடியற்காலை நாலரை மணிக் காசிமேட்டுக்கு அந்தக் கறுப்புதான் உயிர்.

என்னிடம் ஒரு நெகட்டிவ் உண்டு. படகு நிழலில் உட்கார்ந்து வலை பின்னும் ஒரு அம்மா, பின்னால் வெளுத்த வானம். கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர்களில் 2½-ஐப் போட்டு 18 விநாடி வெளிச்சம். அதில் 5 விநாடி, கம்பி நுனியில் ஒட்டிய அட்டைத் துண்டை முகத்தின் மேல் ஆட்டி வெளிச்சத்தை மறைத்தேன். பிறகு வானத்துக்கு மட்டும் 0 ஃபில்டரில் இன்னும் 12 விநாடி. பத்தாவது தாளில் சரியாக வந்தது என்று தொங்கவிட்டேன், காலையில் காய்ந்ததும் முகம் ஒரு படி இருண்டிருந்தது. பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் தாள் காயும்போது அப்படித்தான் இறங்கும், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பதினோராவது தாளில் அந்த அம்மாவின் கண் தெரிந்தது. அந்த ஒரு இரவில்தான் அந்தப் படம் எதைப் பற்றியது என்றே எனக்குப் புரிந்தது.

தரமணி ரயில்
உங்கள் உழைப்புக்கு மரியாதை. ஆனால் முகத்தை வெளிற வைப்பதும் வானத்தை அடர்த்தியாக்குவதும் கணினியில் நான் செய்கிற அதே வேலைதான். அங்கே அட்டைத் துண்டு, இங்கே மவுஸ். கையால் செய்தால் தூய்மை, மவுஸால் செய்தால் கலப்படமா?

நம் ஊரிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 1858-ல் மதராஸ் மாகாண அரசின் படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் மெழுகுக் காகித நெகட்டிவில் எடுத்தார். வானமும் மரமும் சரியாக வராத இடங்களில் நெகட்டிவ் மேலேயே வண்ணம் தீட்டித் திருத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 பிரிண்ட்டுகளாக எடுத்து ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அன்றைக்குக் கையில் இருந்த எல்லாக் கருவியையும் அவர் பயன்படுத்தினார். நானும் அதைத்தான் செய்கிறேன்.

வெள்ளி உப்பு
திருத்துவது தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? ட்ரைப் வண்ணம் தீட்டினாலும் கடைசியில் அந்த நெகட்டிவ் வழியாகப் போன வெளிச்சம்தான் தாளில் விழுந்தது. சுவரில் என்ன பொருள் தொங்குகிறது என்பதுதான் என் கேள்வி.

பிரேசில் புகைப்படக்காரர் செபாஸ்டியோ சல்காடோவை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஜெனிசிஸ்' என்ற படத்தொகுப்பு வேலையின் நடுவில் அவர் டிஜிட்டலுக்கு மாறினார். மாறியும், அந்தக் கோப்புகளிலிருந்து ஃபிலிம் நெகட்டிவ் செய்து வெள்ளித் தாளில் பிரிண்ட் போட்டார்கள். டிஜிட்டலில் எடுத்தவரே சுற்றி வந்து வெள்ளித் தாளைத் தொட்டார், ஃபிலிமில் எடுத்த நீங்கள் விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

உதகைப்பனி
இரண்டு பேரும் நாள் கணக்கைப் பேசவே இல்லை.

எங்கள் ஊர் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை ஓடிய காலத்தில் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் தாளும் இங்கேயே தயாராயின. என் சித்தப்பா அங்கே வேலை பார்த்தவர், நான் தொழில் பழகியது அந்தத் தாளில்தான். ஆலை மூடிவிட்டது. இன்றைக்கு நல்ல ஃபைபர் தாள் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒவ்வொரு சோதனைத் துண்டுக்கும் மனசு கணக்குப் போடும்.

அப்புறம் தண்ணீர். படத்தை வெளிக்கொணரும் டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும், சென்னையில் குழாயைத் திறந்தால் 29, 30. ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டுச் சமாளிக்கலாம், ஆனால் கழுவும் தண்ணீரை யார் குளிரவைப்பது? சூட்டில் ஜெலட்டின் ஊறி இடுக்கி பட்டாலே கீறல் விழும். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. தாளை இரண்டு நிமிடத்தில் கழுவிவிடலாம். ஃபைபர் தாளுக்கு, படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சர் ரசாயனத்தைச் சீக்கிரம் வெளியேற்றும் ஹைப்போ நீக்கி போடாவிட்டால் ஒரு மணி நேரம் ஓடும் தண்ணீர் தேவை. அவசரப்பட்டுக் கழுவினால் ஃபிக்சர் தங்கி, சில வருடத்தில் மஞ்சள் பூக்கும். 28 படம், ஒரு இரவுக்கு ஒன்று என்றாலும் 28 இரவு. வேலைக்குப் போகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு இரவு ஒதுக்கினால் பதினான்கு வாரம், மூன்று மாதத்துக்கு மேல். கூடத்துக்குப் பணம் கட்டும் முன் இதை யோசித்தீர்களா?

இன்னொன்று, 35 மி.மீ. நெகட்டிவ் 24×36 மி.மீ. அதை 20 அங்குலத்துக்கு இழுத்தால் 14 மடங்கு. எல்லாப் படமும் அதைத் தாங்காது. 11×14 தாளில் ஓரம் விட்டுப் போட்டால் ஒன்பது மடங்குதான், பார்ப்பவர் கிட்டே வந்து நிற்பார். மீன்பாடி வண்டி, வலை, கை என்று எடுத்த படங்களுக்கு எதற்குப் பெரிய சுவர்? பெரிசாக்கும் ஆசையை முதலில் விடுங்கள்.

தரமணி ரயில்
அளவு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், நன்றி. நாள் கணக்கு என் பக்கம்தான் பேசுகிறது.

புதுச்சேரி அலை
நடுவில் ஒன்று. எல்லோரும் தானே பிரிண்ட் போட வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் படங்களைப் பாரிஸில் பியர் காஸ்மன் நடத்திய பிக்டோ என்ற பிரிண்ட் கூடத்தில்தான் பிரிண்ட் போட்டார்கள். ஏழு பேரில் நன்றாகப் போடத் தெரிந்த ஒருவர் 28-ஐயும் போடட்டும், மற்றவர்கள் கழுவட்டும், காயப்போடட்டும்.

கண்ணாடிக்காரன்
ஃபிரேம் வேலை எனக்கு 22 வருடம். எந்த பிரிண்ட் ஆனாலும் சரி, சட்டத்துக்குள் போகும்போது கெடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில், நான் வேலை பார்த்த கடையில் ஒருவரின் கல்யாணப் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். இரண்டு மழைக்காலம் கழித்துக் கொண்டுவந்தார். ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் பிடித்துக்கொண்டது. பிரிக்கப் போனால் மணப்பெண்ணின் நெற்றி கண்ணாடியோடு வந்தது. நெகட்டிவும் அவரிடம் இல்லை. இன்றைக்கும் அந்த மனிதரின் முகம் மறக்கவில்லை.

ஆகவே படம் தெரிய நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை கட்டாயம். அட்டை அமிலமில்லாததாக, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விடும் தடிமனில் இருக்கட்டும். பின்னால் செல்லோடேப் ஒட்டவே கூடாது, நாலு மூலையிலும் காகித மூலை செருகினால் போதும். தாளும் கொஞ்சம் மூச்சுவிடும். படத்தின் நடு தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும், மேல் விளிம்பை வைத்துக் கணக்கிட்டால் சுவர் கோணலாகத் தெரியும். விளக்கு மேலிருந்து 30 டிகிரி சாய்ந்து விழட்டும், நேர் எதிரே வைத்தால் பார்ப்பவர் தன் சட்டையைத்தான் கண்ணாடியில் பார்ப்பார்.

வெள்ளி உப்பு
கண்ணாடியே வேண்டாம் என்பேன். வெள்ளித் தாளின் மேற்பரப்பைக் காட்டத்தானே இத்தனை பாடு, அதன் மேல் இன்னொரு பளபளப்பு எதற்கு?

கண்ணாடிக்காரன்
ஒரு வாரம், சென்னை, திறந்த கூடம். குழந்தைகள் வருவார்கள், "இதோ நம்ம தெரு" என்று விரலை வைத்துக் காட்டுவார்கள். காசிமேட்டு ஆட்கள் வந்தால் கட்டாயம் காட்டுவார்கள், காட்டவும் வேண்டும். விரல் எண்ணெய் பட்ட பிரிண்டை எப்படி மீட்பீர்கள்? கண்ணாடி போடுங்கள்.

வெள்ளி உப்பு
சரி, இதில் நீங்கள் சொல்வது நியாயம். விரலை நான் யோசிக்கவில்லை. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இங்க்ஜெட்டும் வெள்ளியும் ஒன்றாகத்தான் தெரியும் என்று யாராவது இப்போது கிளம்பினால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தரமணி ரயில்
அதைச் சொல்லத்தான் வந்தேன், சொல்லவும் செய்கிறேன். எட்டடி தூரத்தில், கண்ணாடிக்குப் பின்னால், எத்தனை பேருக்குத் தெரியும்?

வெள்ளி உப்பு
எட்டடியில் நின்று பார்ப்பதற்கா 11×14-க்கு இறங்கினீர்கள்? கிட்டே வரவேண்டும் என்றுதானே இப்போது ஒத்துக்கொண்டீர்கள்.

உதகைப்பனி
லேபிளை மறக்காதீர்கள். இங்க்ஜெட் என்றால் "ஃபிலிம் நெகட்டிவ் ஸ்கேன், பிக்மென்ட் மை பிரிண்ட்" என்று எழுதுங்கள். இருட்டறை என்றால் "வெள்ளி ஜெலட்டின் பிரிண்ட்", போட்டவர் வேறு ஆள் என்றால் அவர் பெயரும் வர வேண்டும். வெறுமனே "ஃபிலிம் புகைப்படம்" என்று எழுதினால் பார்ப்பவர் சுவரில் இருப்பதையும் இருட்டறை பிரிண்ட் என்றே நினைப்பார். அதை நான் ஏற்க மாட்டேன்.

தரமணி ரயில்
லேபிள் அப்படியே வரும், வாக்குக் கொடுக்கிறேன். குழுவில் பேசியாகிவிட்டது. எட்டு 120 நெகட்டிவையும் நன்றாகப் போடத் தெரிந்த எங்கள் ஆள் ஒருவர் இருட்டறையில் போடுவார், 35 மி.மீ. இருபதும் இங்க்ஜெட். இரண்டும் தனித்தனிச் சுவர்.

வெள்ளி உப்பு
தனிச் சுவர் வேண்டாம். ஒரே நெகட்டிவை இரண்டு விதமாகவும் போட்டு, ஒரே விளக்குக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். அந்த வலை பின்னும் அம்மாவின் நெகட்டிவை நான் தருகிறேன். ஸ்கேன் நீங்கள் செய்யுங்கள், வெள்ளி பிரிண்ட் நான் கொண்டுவருகிறேன்.

தரமணி ரயில்
சம்மதம். நெகட்டிவைத் தபாலில் போடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.