புல்ககோவ் தொடரைப் பார்த்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சோவியத் கால மாஸ்கோவுக்குச் சாத்தான் வரும் கதையான மிகயீல் புல்ககோவின் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலை விளாதிமிர் போர்த்கோ ரஷ்யத் தொலைக்காட்சிக்காகப் பத்துப் பகுதிகளாக எடுத்தார். 2005 டிசம்பரில் ஒளிபரப்பானது. நாவல்களைத் திரைக்குக் கொண்டுபோவது பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் பேச வேண்டும். இந்தத் தொடரைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கிடைத்த பிரதியில் மூன்றாம் பகுதியிலிருந்து வசன வரிகள் படத்தோடு ஒட்டவே இல்லை. ரஷ்ய மொழி எனக்குத் தெரியாது. பத்துப் பகுதிகளுக்கும் சரியான ஆங்கில வசன வரிகள் எங்கே கிடைக்கும்?

அப்புறம் ரஷ்ய மொழி தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி. நாவலின் தொடக்கத்தில் குளக்கரைக் கடைக்கு வரும் இரண்டு எழுத்தாளர்களிடம் மினரல் வாட்டர் இல்லை, பீர் சாயங்காலம்தான் வரும் என்கிறாள் விற்பவள். இருப்பது ஆப்ரிகாட் பானம் மட்டும், அதுவும் வெதுவெதுப்பாக. அதைக் குடித்த இருவருக்கும் விக்கல் எடுக்கிறது. சோவியத் வாழ்க்கையின் மேல் உள்ள மொத்தக் கேலியும் அந்த ஒரு தம்ளரில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். திரையில் அந்தக் கடைக்காரியின் பேச்சு எப்படித் தொனிக்கிறது? எரிச்சலா, வெறும் அலுப்பா?

மாஸ்கோ காட்சிகளைப் பழுப்பு நிறத்தில் எடுத்துவிட்டு, மாயம் நிகழும்போது வண்ணத்துக்கு மாறுகிறார் போர்த்கோ. இதைப் பற்றி அவரே பேசிய பேட்டி ஏதும் இருந்தால் சுட்டி கொடுங்கள். கூட்டம் அடுத்த ஞாயிறு, அதற்குள் கிடைத்தால் பேருதவி.