"மாமூல்படி" என்று எழுதியவன் நான்தான்: ஊர்ச் சண்டைகளில் நாம் நேரில் கண்டவை

ஓய்வு பெற்ற வட்டாட்சியர் ஒருவர்:

வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். ஊர்ச் சண்டை என்று பேச்சு வந்தாலே "காலங்காலமான வழக்கம்" என்ற சொல்லும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட ஒரு காலங்காலத்துக்கு எனக்குப் பிறந்த தேதியே தெரியும். பிரசவம் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

1996. இப்போதைய சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகம். நான் இளநிலை உதவியாளர். பக்கத்து ஊர்க் கோயில் தேருக்கு இரண்டு வடம். அதற்கு முந்தைய ஆண்டுவரை யார் எந்த வடத்தைப் பிடிக்கிறார்கள் என்று ஒருவரும் கவனித்ததில்லை. கைக்கு எட்டியதைப் பிடித்து இழுத்தார்கள். அந்த ஆண்டு கண்மாய் மீன் ஏலத்தில் இரண்டு கரைக்காரர்கள் (கரை என்றால் ஊரில் பங்கு உள்ள வம்சப் பிரிவு) முறைத்துக்கொண்டார்கள். மீன் பிடித்து முடிந்துவிட்டது, முறைப்பு முடியவில்லை. நேராகத் தேருக்கு வந்துவிட்டது. யார் முதலில் வடத்தைத் தொடுவது, பரிவட்டம் யார் தலையில் முதலில் ஏறுவது என்று கிளம்பிவிட்டார்கள்.

திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு தாசில்தார் அறையில் சமாதானக் கூட்டம். காலை பதினொரு மணிக்குத் தொடங்கியது இரவு பதினொரு மணிக்கும் முடியவில்லை. (டீ செலவு யார் தலையில் விழுந்தது என்பது தனிக்கதை.) கடைசியில் தாசில்தார் சலித்துப்போய், "வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வலது வடம், இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடது வடம். எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்" என்றார். அந்த அறையில் ஒரே ஒரு மின்விசிறி. அது வலப்பக்கம் இருந்தது. காலையில் முதலில் வந்தவர்கள் அதன் அடியில் இடம் பிடித்திருந்தார்கள். அவ்வளவுதான் காரணம்.

கார்பன் தாள் வைத்து நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நான், "எதன் அடிப்படையில் என்று எழுதட்டும் ஐயா?" என்று கேட்டேன். "மாமூல்படி என்று எழுது." வழக்கப்படி என்று பொருள். எழுதினேன்.

பல தாலுகாக்கள் சுற்றிவிட்டு 2012இல் அதே நாற்காலிக்குத் தாசில்தாராக வந்தேன். அதே தேர், அதே கூட்டம். பெரியவர் ஒருவர் எழுந்து, "வலது வடம் சமஸ்தானம் எங்களுக்குக் கொடுத்த உரிமை. எங்கள் முப்பாட்டன் காலத்திலிருந்து நாங்கள்தான் பிடிக்கிறோம்" என்றார். பிளாஸ்டிக் உறையிலிருந்து, மடிப்பு மடிப்பாக நைந்துபோன ஒரு நகலை எடுத்து மேசைமேல் விரித்தார். என் கையெழுத்து. "மூ"வுக்கு நான் இழுக்கும் நீளமான வால்கூட அப்படியே இருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. மனதார நம்பிச் சொன்னார். இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் அந்த வடத்துக்காக இரண்டு முறை மண்டை உடைந்திருக்கிறது. அவருடைய தம்பி, இனி அமைதியைக் கெடுக்க மாட்டேன் என்று 107ஆம் பிரிவில் பிணைப் பத்திரம் எழுதிக்கொடுத்திருக்கிறார். ரத்தம் சிந்தியபிறகு அது முப்பாட்டன் சொத்தாகிவிடுகிறது.

ஊர்க்காரர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சட்டமும் அவர்களிடம் வழக்கத்தைத்தான் கேட்கிறது. 1959ஆம் ஆண்டின் அறநிலையத் துறைச் சட்டத்தில் 63ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரு கோயிலில் மரியாதைக்கு உரியவர் யார், அங்கே நிலைபெற்ற வழக்கம் என்ன என்பதைத் துறை அதிகாரி விசாரித்து முடிவு செய்யலாம். வழக்கத்தை நிரூபித்தால் உரிமை கிடைக்கும் என்றால், இல்லாத வீட்டிலும் வழக்கம் உண்டாகத்தானே செய்யும்! வெள்ளைக்காரன் காலத்திலேயே இதுதான் நடந்தது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து ராமநாதபுரம் ராஜா தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. இரு தரப்பிலும் சாட்சிகள் கூண்டேறி "இதுதான் வழக்கம்" என்று சத்தியம் செய்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1899இல் சிவகாசி பற்றி எரிந்தது.

1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டத்துக்குப் பிறகு யாரும் வெளிப்படையாக வாசலை மறிக்க முடியாது. ஆனால் சண்டை வாசலிலிருந்து நகர்ந்து வரிசைக்குப் போய்விட்டது. சிவகங்கை மாவட்டக் கண்டதேவியில் நான்கு நாட்டார்களின் (ஊர்த் தொகுதித் தலைவர்களின்) முதல் மரியாதை, பட்டியல் சமூகத்தவர் வடம் பிடிக்கும் உரிமை என்று 1998இல் முற்றிய பிரச்சினை நீதிமன்றத்துக்கும் கோயிலுக்குமாக நடந்து, தேரே பல ஆண்டுகள் நிலையில் நின்றுவிட்டது. 2024 ஆனியில்தான் போலீஸ் பாதுகாப்போடு அது மறுபடி ஓடியது.

மின்விசிறிக் கதையை அன்று நான் அந்தப் பெரியவரிடம் சொல்லவில்லை. மறுபடியும் "மாமூல்படி" என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். உங்கள் ஊர்களில் நீங்கள் கண்டதை எழுதுங்கள்.

முன்னாள் பஸ் நடத்துநர்:

ஐயா "இப்போதைய சிவகங்கை மாவட்டம்" என்று எழுதியதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். 1996இல் அதற்குப் பெயர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். விருதுநகருக்குப் பெயர் காமராசர் மாவட்டம். போக்குவரத்துக் கழகங்களுக்கும் அப்படித்தான், ஊருக்கு ஒரு தலைவர். நெல்லைக் கழகத்துக்குக் கட்டபொம்மன். அந்தப் பெயர்களை எழுதிய பஸ்களில்தான் நான் டிக்கெட் கிழித்தேன்.

1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய கழகம் ஒன்றுக்குப் பட்டியல் சமூகத்தில் பிறந்த வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரை எதிர்த்து அதன்பிறகு நடந்த சாதிக் கலவரம் எல்லோருக்கும் தெரியும். நான் பார்த்தது சின்ன விஷயம். நல்ல வெயில். நிறுத்தத்தில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் ஒரு மணி நேரமாகக் காத்திருந்தாராம். பஸ் வந்து நின்றதும் ஒரு காலைப் படியில் வைத்தார். நிமிர்ந்து பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்தார். காலை எடுத்துவிட்டார். "ஏறுங்கள் அண்ணாச்சி, அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம் ஆகும்" என்றேன். "பரவாயில்லை தம்பி" என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பேன். அவ்வளவு சாந்தமாகச் சொன்னார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் படைத்தளபதி. இருவரும் ஒரே கோட்டைக்காகச் சண்டை போட்டவர்கள். கட்டபொம்மனை 1799இல் கயத்தாறில் தூக்கில் போட்டார்கள். ஒன்றாக நின்றவர்களை இருநூறு ஆண்டு கழித்து இரண்டு பஸ்ஸில் ஏற்றிப் பிரித்துவிட்டோம்.

ஜூலையில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் ஒட்டுமொத்தமாக நீக்கியது. பணிமனையில் பெயின்டர்கள் இரவு பகலாக அழித்தார்கள். அவசர வேலை, ஒரே பூச்சு. அந்த ஐப்பசி மழையில் வண்டி நனைந்து வந்து நின்றால் உள்ளே இருந்த எழுத்து மங்கலாகத் தெரியும். வெயில் வந்ததும் மறைந்துவிடும்.

செங்கல்பட்டு வழக்கறிஞர்:

வரலாறு, பண்பாடு எல்லாம் சரி. ஆனால் எங்கள் பக்கம் யாராவது "இது பரம்பரைப் பிரச்சினை" என்று சொன்னால் நான் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பேன். பாதி வழக்குகளில் பரம்பரை அங்கேதான் படுத்திருக்கும்.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1892இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அரசு ஒதுக்கியவைதான் பஞ்சமி நிலங்கள். முதல் பத்து ஆண்டு விற்கவே கூடாது, பிறகு விற்றாலும் அவர்களுக்குள்ளேதான் விற்கலாம் என்பது நிபந்தனை. இன்று அந்த நிலங்கள் எத்தனை கை மாறியிருக்கின்றன என்று பாருங்கள். அதை மீட்கப் போராடியபோது 1994இல் காரணையில் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் செத்தார்கள். என்னிடம் வந்த ஒரு வழக்கில் கோயில் திருவிழாத் தகராறு என்றுதான் முதல் தகவல் அறிக்கையில் இருந்தது. மூன்றாவது வாய்தாவில்தான் கட்சிக்காரர் வாய் திறந்தார். அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே சர்வே எண்ணுக்குப் பட்டா கேட்டு மனுப் போட்டிருந்தார்கள்.

அரசுப் பள்ளித் தமிழாசிரியை:

விருதுநகர் மாவட்டத்தில் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். சாதியைக் காட்டப் பையன்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கயிறு வேண்டாம், பொட்டு வேண்டாம், மோதிரம் வேண்டாம் என்று 2024இல் அறிக்கை கொடுத்தது. கயிறு கையிலிருந்து இறங்கிக் கணுக்காலுக்குப் போயிருக்கிறது. கால்சட்டை மறைத்துக்கொள்கிறது.

எனக்குக் கயிற்றைவிட ஒரு கட்டுரைதான் தூக்கத்தைக் கெடுத்தது. "எங்கள் ஊர்" என்று தலைப்புக் கொடுத்தேன். ஒரே ஊரிலிருந்து, ஒரே மினி பஸ்ஸில் வரும் இரண்டு பையன்கள். ஒருவன் எழுதினான்: "எங்கள் ஊர்க் கண்மாயை எங்கள் முன்னோர் வெட்டினார்கள். மடை உடைந்தபோது எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா குறுக்கே விழுந்து உயிரைக் கொடுத்தார். அவரைச் சாமியாகக் கும்பிடுகிறோம்." மற்றவன் எழுதினான்: "மடை நிற்கவில்லை என்று எங்கள் தாத்தாவுக்குத் தாத்தாவைப் பிடித்துப் போய்ப் பலி கொடுத்தார்கள். அவரைச் சாமியாகக் கும்பிடுகிறோம்."

ஒரே மடை, ஒரே கல். கண்மாய்க்கு மட்டும் இருவரும் வேறு வேறு பெயர் எழுதியிருந்தார்கள். இரண்டு தாளுக்கும் பத்துக்கு ஏழு போட்டேன். வேறு என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

காலனியிலிருந்து ஒருத்தி:

வட்டாட்சியர் ஐயா, உங்கள் மின்விசிறிக் கதை பலருக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு இல்லை. காரணம் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் "ஊர்" என்றால் அது எங்களைச் சேர்க்காது. "ஊர்க் கூட்டம்" என்றால் நாங்கள் இல்லாத கூட்டம். நாங்கள் காலனி. எங்கள் சுடுகாட்டுக்குப் போகப் பாதை கிடையாது, வாய்க்கால் வழியாகத்தான் போக வேண்டும். என் பாட்டி ஐப்பசியில் செத்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் பாடையைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். என் அப்பா ஒரு கையால் பாடையையும் இன்னொரு கையால் நெருப்புச் சட்டியையும் பிடித்திருந்தார். சட்டி அணைந்துவிட்டது.

அந்தக் காரியம் முடிந்ததும் அப்பா தாலுகா அலுவலகத்துக்கு அலைந்து புலப்பட (நில அளவைப் படம்) நகல் வாங்கினார். எட்டாவது தடவையில் கிடைத்தது. அந்தத் தாளில் வயலுக்கு நடுவே புள்ளிக்கோடாக ஒரு வண்டிப்பாதை சுடுகாடுவரை போகிறது. வெள்ளைக்காரன் நிலத்தை அளந்து வரி போட்ட செட்டில்மென்ட் காலத்திலேயே இருந்த பாதை! நில அளவையர் வந்து சங்கிலி போட்டார். வயல்காரர் வரப்பில் நின்று, "என் அப்பா காலத்திலிருந்து இது வயல்" என்றார். அவரும் பொய் சொல்லவில்லை ஐயா. அவருடைய அப்பாதான் அதை உழுதவர்.

பாதி அகலம் கிடைத்தது. பாடை போகும், அமரர் ஊர்தி போகாது. சமாதானக் கூட்டத்தில் அப்படித்தான் முடிவு செய்தார்களாம்.

மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989 மோதலுக்குப் பிறகு ஊருக்கும் எங்களைப் போன்றவர்களின் தெருவுக்கும் நடுவே ஒரு சுவரைக் கட்டினார்கள். அதில் ஒரு பகுதியை அரசே இடிக்க 2008 மே மாதம் ஆனது. பத்தொன்பது ஆண்டு நின்றாலே சுவருக்கும் ஒரு வரலாறு வந்துவிடுகிறது. அங்கே பிறந்த பிள்ளைக்கு அது மலை மாதிரி, எப்போதும் இருந்த ஒன்று.

எழுதி வைத்தால் வழக்கம் ஆகிவிடும் என்கிறீர்கள். எங்கள் பாதை எழுதித்தான் இருந்தது. அது ஏன் வழக்கம் ஆகவில்லை? இன்னொன்றும் கேட்க வேண்டும். வலப்பக்கம் ஒரு கரை, இடப்பக்கம் ஒரு கரை. அந்த ஊரில் காலனி இருந்திருக்குமே. எங்கள் ஆட்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்?

ஓய்வு பெற்ற வட்டாட்சியர்:

அம்மா, இரண்டு நாளாக இதற்குப் பதில் எழுதி எழுதி அழித்தேன்.

உட்காரவில்லை. வராந்தாவில் நின்றார்கள். ஐந்து பேர். காலையிலிருந்து நின்றார்கள். டீ அவர்களுக்கும் போனது, அதையும் வெளியில் வைத்தே குடித்தார்கள். தேருக்கு முட்டுக்கட்டை போடுவது அவர்கள் வேலை. சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் தள்ளிவிட்டுக் கையை எடுக்க ஒரு நொடி தாமதித்தாலும் விரல் போய்விடும். ஐந்து பேரில் ஒரு பெரியவருக்கு வலது கையில் மூன்று விரல்தான்.

உள்ளே எல்லோரும் கையெழுத்துப் போட்டபிறகு தாளை நான்தான் வராந்தாவுக்கு எடுத்துப் போனேன். "மற்றவர்கள் மாமூல்படி தங்கள் பணியைச் செய்வது" என்பது கடைசி வரி. அந்தப் பெரியவர் மீதமிருந்த விரலில் மையைத் தடவிக்கொண்டு, "எங்களுக்கு எந்த வடம் சாமி?" என்று கேட்டார்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம், இப்போது ரேகையை வையுங்கள்" என்றேன்.

வைத்தார். அவர் கேட்டதும் நான் சொன்னதும் அந்தக் குறிப்பில் இல்லை.