ஸ்கோடா 1.8 டர்போ 20 வால்வு: எச்-பீம் ராடா, ஐ-பீம் ராடா?

கேள்வி:
ஆக்டேவியா விஆர்எஸ். பெரிய சைஸ் கே04 டர்போ போட்டு 270 எச்பி, 380 என்எம் எடுக்க பிளான். 7,000 ஆர்பிஎம் தாண்டாது. பிஸ்டன் கம்பெனியோடதே இருக்கட்டும், ராடு (பிஸ்டனை கிராங்கோட இணைக்கிற கனெக்டிங் ராடு) மட்டும் மாத்தறேன். அதோட தண்டு குறுக்குவெட்டுல எச் வடிவமா (எச்-பீம்), ஐ வடிவமா (ஐ-பீம்) இருக்கணும்? 144x19, 144x20 ரெண்டும் விக்கிறாங்க. எது வாங்கணும்? ராடு போல்ட் எல்19 (ஏஆர்பி கம்பெனியோட ரொம்ப பலமான ரகம்) வேணுமா?

பதில் 1:
144 ராடு நீளம், அடுத்தது பிஸ்டன் பின் (பிஸ்டனை ராடோட கோக்கிற பின்) விட்டம், ரெண்டும் மி.மீ.-ல. ஆரம்பகால 1.8டி-ல 20 மி.மீ., பிறகு வந்ததுல 19. இன்ஜின் கோடை மட்டும் நம்பாதீங்க, பின்னைக் கழட்டி மைக்ரோமீட்டர் வச்சுப் பாருங்க. ஸ்மால் எண்ட் (ராடோட பிஸ்டன் பக்க முனை) அகலமும் பிஸ்டன் பாஸ் (பிஸ்டனுக்குள்ள பின்னைத் தாங்குற மேடு) இடைவெளிக்குள்ள உட்காரணும். பழைய பிஸ்டனோட போடறவங்க மாட்டிக்கிறது இங்கதான்.

எச்-ஆ ஐ-ஆன்னு ரொம்ப யோசிக்க வேண்டாம். நல்ல 4340 எஃகு ஃபோர்ஜிங்னா இந்தப் பவருக்கு ரெண்டுமே தாங்கும். ராடு தண்டை வளைக்கிறது இன்ஜினோட டார்க். கம்பெனி ராடு 400 என்எம் பக்கத்துல வளைய ஆரம்பிக்கும், அதுவும் 3,000 ஆர்பிஎம்-ல பூஸ்ட் திடீர்னு ஏறினா இன்னும் சீக்கிரம். ட்யூன் பண்றவர்கிட்ட கீழ் ஆர்பிஎம்-ல டார்க்கை அடக்கச் சொல்லுங்க.

பதில் 2:
போல்ட் கதை வேற. அதை இழுக்கிறது ஆர்பிஎம். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவுல மேல போற பிஸ்டனை எதிர்த்துத் தள்ள கேஸ் பிரஷர் இல்ல, மொத்த இழுவையும் போல்ட் மேலதான். 7,000-லிருந்து 8,000 போனா அந்த விசை 31% கூடும். 7,000-க்கு ஏஆர்பி 2000 (அதே கம்பெனியோட, எல்19-ஐவிட பலம் கொஞ்சம் குறைஞ்ச ரகம்) தாராளம். எல்19 ஈரம் பட்டா உள்ளுக்குள்ள விரிசல் விடும், நம்ம ஊர் கடலோரக் காத்துக்கு வேண்டாம்.

போல்ட்டை டார்க் ரெஞ்ச் மட்டும் வச்சு முறுக்காதீங்க, மரையில தடவற எண்ணெய் மாறினா கணக்கும் மாறும். ஒவ்வொரு போல்ட்டோட நீளத்தையும் முதல்ல எழுதி வச்சுட்டு, ஸ்ட்ரெட்ச் கேஜ் (போல்ட் எவ்வளவு நீளுதுன்னு அளக்கிற கருவி) வச்சு, ராடோட வந்த கார்டுல சொன்ன அளவுக்கு நீளுற வரைக்கும் இறுக்குங்க. கழட்டின பிறகு 0.025 மி.மீ. நீண்டிருந்தா தூக்கிப் போடுங்க. வேற ரக போல்ட்டுக்கு மாறினா கிளாம்ப் விசை மாறி பிக் எண்ட் (ராடோட கிராங்க் பக்க முனை) வட்டம் கெடும், திரும்ப ஹோன் பண்ணணும் (உள்பக்கத்தைத் தேய்ச்சு வட்டமாக்கணும்).

பதில் 3:
பெட்டியில வந்ததை அப்படியே மாட்டாதீங்க. போல்ட்டை முழுசா இறுக்கி, பேரிங் ஷெல் போட்டு, போர் கேஜ்ல அளங்க. கிராங்க் பின் (கிராங்க்ல ராடு மாட்டற இடம்) 47.8 மி.மீ., அதுக்கும் பேரிங்குக்கும் நடுவுல கிளியரன்ஸ் 0.04–0.05 மி.மீ. வரணும். பிக் எண்ட், ஸ்மால் எண்ட் எடையைத் தனித்தனியா ஒரு கிராமுக்குள்ள சேருங்க. பிறகு கிராங்கைக் கையால சுத்திப் பாருங்க: எச்-பீம் தோள் ஆயில் ஜெட்டிலயோ (பிஸ்டன் அடியில எண்ணெய் பீய்ச்சற குழாய்) பிளாக் ஓரத்துலயோ இடிக்கலாம்.

இப்ப இருக்கிற ராடு ஏற்கெனவே வளைஞ்சிருக்கான்னு பாக்க, ஹெட்டைக் கழட்டினதும் நாலு பிஸ்டனையும் டிடிசி-ல (பிஸ்டன் உச்சிக்கு வர்ற நிலை) டயல் கேஜ் வச்சு ஒப்பிடுங்க. ஒண்ணு மட்டும் தாழ்ந்திருந்தா அதுதான்.