புதுப்பிப்பு: தீக்குப் பின் பூக்கும் ஃபிளானல் மலர்

ஆஸ்திரேலியாவில் சிட்னியின் மணற்கல் பகுதிகளில் வளரும் ஃபிளானல் மலர் (ஆக்டினோடஸ் ஹீலியாந்தி), பார்வைக்கு டெய்சி போலிருந்தாலும் கேரட் குடும்பத்தைச் சேர்ந்தது என்று முன்பு எழுதியிருந்தேன். அதன் உறவான இளஞ்சிவப்பு ஆக்டினோடஸ் ஃபோர்சைத்தி ஏன் பல ஆண்டுகள் கண்ணில் படுவதில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். காரணம் நெருப்புதான். அதன் விதைகள் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து, காட்டுத்தீயின் புகையிலுள்ள வேதிப்பொருள்களாலும் பின்னர் பெய்யும் நல்ல மழையாலும் தூண்டப்பட்டு முளைக்கின்றன. 2019–20 கோடையின் பெருந்தீக்குப் பின், 2021 தொடக்கத்தில் சிட்னிக்கு மேற்கேயுள்ள நீல மலைகளின் கரிந்த சரிவுகளில் அவை திரளாகப் பூத்தன. இதழ்கள் என நாம் நினைப்பவை, இவ்விரண்டிலுமே, மென்மயிர் படர்ந்த பூவடிச் செதில்கள், அதாவது பூக்கொத்தைச் சூழ்ந்த இலை போன்ற உறுப்புகள். நடுக்குமிழில் நெருங்கி நிற்கும் சின்னஞ்சிறியவையே உண்மையான பூக்கள். அவை உதிர்க்கும் விதையே அடுத்த தலைமுறைக்கான இருப்பு என்பதால், பார்க்கச் செல்வோர் நடைபாதையை விட்டு விலக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.