கடைசி இருபது கிலோமீட்டர் ஞாபகமே இல்லை என்கிறார், இது அசதியா தூக்கமா?

நிலாமுற்றம் கேட்டது:
என் கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறார், பெரும்பாலும் இரவுச் சவாரி. போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். விடியற்காலை நான்கு மணி இருக்கும், ஏதோ கேட்டேன், பதிலே இல்லை, இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் "ஆங், என்ன?" என்றார். ஒரு லாரியை முந்திவிட்டுப் பழையபடி இடது பக்கம் வந்த பிறகும் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறது, அவர் காதில் அது விழவே இல்லை. கண் நன்றாகத் திறந்துதான் இருந்தது, அதுதான் எனக்குக் குழப்பம். வீட்டுக்கு வந்து கேட்டால், கடைசி இருபது கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று ஞாபகம் இல்லையாம், ஆனால் "தூக்கம் வந்தா எனக்குத் தெரியாதா?" என்கிறார். உண்மையிலேயே தெரியுமா?

பின்னிரவுப்பறவை:
தெரியாதுங்க. அசதியில் முதலில் மங்குவது கவனம், அந்த மங்கலை எடைபோட வேண்டியதும் அதே மூளைதான். 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சிலரை 14 நாள், இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ மட்டும் தூங்கவிட்டார்கள். கவனச் சோதனைகளில் அவர்கள் ஒன்றிரண்டு இரவு முழுக்கக் கண்விழித்தவர்கள் அளவுக்குச் சறுக்கினார்கள், ஆனால் கேட்டால் "கொஞ்சம்தான் தூக்கமா இருக்கு" என்றுதான் சொன்னார்கள்.

கண் திறந்திருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மூளை சில நொடி மட்டும் அணைந்து எரியும், கண் மூடாமலே கூட அது நடக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறோம், நான்கு நொடி என்றால் 110 மீட்டருக்கு மேல் வண்டியை யாருமே ஓட்டவில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தாலே, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குச் செயல்திறன் இறங்கிவிடும். பல நாடுகளில் சட்ட வரம்பே அதுதான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஞாபகம் இல்லை என்பதை மட்டும் வைத்துத் தூக்கம் என்று முடிவு கட்ட வேண்டாம், பழகிய சாலையில் நல்ல தெளிவோடு இருப்பவருக்கும் அப்படி ஆகும். ஆனால் பதில் தாமதமானதும், இண்டிகேட்டர் சத்தம் கேட்காததும் சேர்ந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை.

சக்கரம்ஓயாது:
லாரி ஓட்டுபவன் நான். தலை ஆடுவது, கண் சொருகுவதெல்லாம் கடைசிக் கட்டம்மா. அதற்கு முன்னாடியே வண்டி காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்திருப்பார், வண்டி மெல்ல ஓரம் ஒதுங்கும், வெடுக்கென்று இழுத்து நேராக்குவார். வேகம் 80-லிருந்து 65-க்கு வந்திருக்கும், அவருக்குத் தெரியாது. எதிரே வண்டி வந்தால் டிம் பண்ண மறப்பார். அடுத்த முறை கூடப் போனால் இதைப் பாருங்க, முகத்தைப் பார்க்காதீங்க. தூக்கம் வருதா என்று என்னையே நான் கேட்டுக்கொள்வதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை என் வண்டி நகராது, அவ்வளவுதான்.

ஜன்னலோரம்:
இதெல்லாம் கொஞ்சம் ஓவர். ஒரு காபி, ஜன்னலைத் திறந்து விட்டு, பாட்டைச் சத்தமா வெச்சா போச்சு. எல்லாரும் அப்படித்தானே ஓட்டுறாங்க?

பின்னிரவுப்பறவை:
எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், அதுதானே பிரச்சினை சகோ. காற்றும் பாட்டும் கொஞ்ச நேரத்துக்குச் சுறுசுறுப்பாக இருப்பதுபோல் காட்டும், அவ்வளவுதான். காபிக்கு உண்மையிலேயே பலன் உண்டு. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும், தூக்கம் கண்ணைக் கட்டுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். காபியில் உள்ள காஃபீன் அது போய் உட்காரும் இடத்தை மறித்துக்கொள்கிறது, சேர்ந்ததை அகற்றுவதில்லை. குடித்து ஏறக்குறைய அரை மணி ஆனால்தான் வேலை செய்யும் என்பதால், குடித்த கையோடு சீட்டைச் சாய்த்து 15, 20 நிமிடம் தூங்குவதுதான் சரி. அதற்கு மேல் நீண்டால் எழுந்ததும் மந்தமாக இருக்கும், உடனே சாவியைத் திருப்பக் கூடாது.

மாத்திரைப்பெட்டி:
யாரும் கேட்காத ஒன்று: அவர் குறட்டை விடுவாரா? நடுவில் மூச்சு நின்று, திணறி மறுபடி தொடங்குகிற மாதிரி இருந்தால் எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கின கணக்கில் வராது, டாக்டரிடம் காட்டுங்கள். சளி, அலர்ஜிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் ஆளை அசத்திவிடும்.

நிலாமுற்றம்:
குறட்டை உண்டு, நீங்கள் சொன்ன மாதிரியேதான், திணறித் திணறி. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, சவாரி கொடுப்பவர் இரவு வண்டி இறங்கின சில மணி நேரத்திலேயே அடுத்ததைப் போட்டுவிடுகிறார், முடியாது என்றால் அந்தச் சவாரி வேறு ஆளுக்குப் போய்விடும்.

சக்கரம்ஓயாது:
அதைச் சொல்லுங்க! ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி, பஸ்களுக்கு நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு என்று சட்டமே இருக்கு, வண்டியில் இருக்கும் டாகோகிராஃப் அதைப் பதிந்துகொண்டே வரும். டிரைவர் மனசு வெச்சா போதும்னு விட்டிருந்தா அங்கேயும் யாரும் நிறுத்தியிருக்க மாட்டாங்க. உங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் மறுக்க முடியாது, சரி. ராத்திரி ஓட்டிவிட்டு வந்த மறுநாள் காலைச் சவாரியை மட்டும் வேண்டாம்னு சொல்ல முடியுமா பாருங்க. குறட்டைக்கு இந்த வாரமே டாக்டரைப் பாருங்க.