சியாட்டில் சரி, இன்னொரு ஊர் எது? என்பிஏவின் 31, 32ஆவது அணிகள்

மூணுபாயிண்ட்:
2004இல் சார்லட்டுக்கு பாப்கேட்ஸ் அணி வந்ததோடு, வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ 30 அணிகளில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அணிகள் ஊர் மாறியிருக்கின்றன, கை மாறியிருக்கின்றன, புதிதாக ஒன்றுகூட வரவில்லை. 2025 ஜூலையில் உரிமையாளர்கள் கூடிப் பேசியபோது, புதிய அணிகளைச் சேர்ப்பதில் உள்ள லாப நஷ்டத்தை ஆழமாக ஆராயலாம் என்று முடிவானது. ஆணையர் ஆடம் சில்வரே அதை வெளியில் சொன்னார். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வரும் பெயர்கள் சியாட்டிலும் லாஸ் வேகாஸும்தான்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சியாட்டிலுக்கு அணி கொடுப்பதில் விவாதிக்கவே ஒன்றும் இல்லை. ஆனால் லாஸ் வேகாஸ் ஏன் தானாகவே இரண்டாவது இடத்தில் உட்கார்ந்துகொண்டது? அங்கே ஏற்கெனவே ஐஸ் ஹாக்கி, அமெரிக்கக் கால்பந்து, பெண்கள் கூடைப்பந்து எல்லாம் இருக்கின்றன. 2028இல் பேஸ்பால் அணியும் வரப்போகிறது. சுமார் 23 லட்சம் பேர் வாழும் வட்டாரம் இத்தனை அணிகளுக்கு எங்கிருந்து சீசன் டிக்கெட் வாங்கும்? வேறு ஊர்களைச் சொல்லுங்கள், பேசுவோம்.

கணக்குப்பிள்ளை:
நான் அதற்கும் முந்தைய கேள்வியில் நிற்கிறேன். புதிய அணி எதற்கு?

2025-26இல் தொடங்கிய தொலைக்காட்சி ஒப்பந்தம் 11 வருஷத்துக்கு 7,600 கோடி டாலர். வருஷ சராசரி சுமார் 690 கோடி. 30 அணிக்குப் பிரித்தால் தலைக்கு 23 கோடி, 32 ஆனால் 21.6 கோடி. ஒவ்வோர் அணியும் வருஷம் 1.4 கோடி டாலரை விட்டுக்கொடுக்க வேண்டும். அதோடு ஓர் அணிக்கு 15 பேர் என்றால் இன்னும் 30 ஆட்டக்காரர்கள் வேண்டும். இன்றைக்கே சில அணிகளின் கடைசி நான்கு பேரைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ரசிகர் பலம் உள்ள ஊருக்கு அணி வேண்டும் என்றால், சின்ன சந்தையில் தடுமாறுகிற மெம்பிஸையோ நியூ ஆர்லியன்ஸையோ அங்கே மாற்றுங்கள். ஆட்டத்தின் தரமும் குறையாது, பங்கும் குறையாது.

மழைநகரம்:
கணக்குப்பிள்ளை சார், "மாற்றுங்கள்" என்று நீங்கள் ஒரே வார்த்தையில் சொல்வதை எங்கள் ஊர் சியாட்டில் அனுபவித்திருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சூப்பர்சானிக்ஸ் 1967இல் தொடங்கிய அணி. 1979இல் சாம்பியன். 1996இல் கேரி பேட்டன், ஷான் கெம்ப் ஜோடி மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ புல்ஸை இறுதிச் சுற்றில் ஆறு ஆட்டம் வரை இழுத்தது. 2006இல் ஸ்டார்பக்ஸின் ஹவர்ட் ஷுல்ட்ஸ் 35 கோடி டாலருக்கு ஓக்லஹோமா சிட்டி முதலீட்டாளர்களிடம் அணியை விற்றார். வாங்கியவர்கள் பொதுப்பணத்தில் 50 கோடி டாலர் அரங்கம் கேட்டார்கள், மாநில சட்டமன்றம் மறுத்தது. 2008இல் வழக்கு விசாரணை, பிறகு சமரசம். குத்தகை முடிய இரண்டு வருஷம் பாக்கி இருந்தது. 4.5 கோடி டாலரை நகரத்துக்குக் கொடுத்துவிட்டு அணியை ஓக்லஹோமா சிட்டிக்குக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

2008 ஏப்ரல் 13, டல்லாஸுக்கு எதிரான கடைசி ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். மொத்த அரங்கமும் அணியைக் காப்பாற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. அந்த வருஷம்தான் வந்திருந்த பத்தொன்பது வயது கெவின் டியூரன்ட், ஆட்டம் முடியும் நேரத்தில் இரண்டு கையையும் மேலே தூக்கி, இன்னும் சத்தமாக என்று கூட்டத்தை உசுப்பினார். ஜெயித்தோம். அத்தோடு சரி. பத்து வருஷம் கழித்து, 2018இல் அதே அரங்கில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்காக ஒரு முன்சீசன் ஆட்டம் ஆட வந்தவர், கெம்ப்பின் பழைய சானிக்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு களத்துக்குள் நுழைந்தார். என் பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து நிற்கவும் முடியாமல் அழுதுகொண்டிருந்தார்.

2013இல் சாக்ரமென்டோ கிங்ஸை வாங்கி சியாட்டிலுக்குக் கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது. உரிமையாளர்கள் 22க்கு 8 என்று வாக்களித்துத் தடுத்தார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த வாக்கு நியாயம் என்று அன்றே எழுதினேன், இன்றும் அதையே சொல்கிறேன். எங்கள் வீட்டில் பறிபோனதை இன்னொருவர் வீட்டில் புகுந்து எடுத்து ஈடுகட்டக் கூடாது. எங்களுக்குப் புதிய அணி வேண்டும். மெம்பிஸின் அணி வேண்டாம்.

உங்கள் பணக் கணக்குக்கும் பதில் இருக்கிறது. போஸ்டன் செல்டிக்ஸ் 2025இல் 610 கோடிக்குக் கை மாறியது. புதிய அணி ஒன்றின் நுழைவுக் கட்டணத்தை 500 கோடி என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சேர்த்து 1,000 கோடி. 30 உரிமையாளர்களுக்குத் தலைக்கு 33 கோடி. உங்கள் 1.4 கோடி நஷ்டத்தை ஈடுகட்ட இருபது வருஷத்துக்கு மேல் போதும். தொலைக்காட்சிப் பணத்தில் பாதியளவு ஆட்டக்காரர்களுக்குப் போகிறது, நுழைவுக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. ஆகவே உண்மையான நஷ்டம் நீங்கள் சொன்னதைவிடக் குறைவு.

கணக்குப்பிள்ளை:
மழைநகரம், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த இருபது வருஷக் கணக்கு ஒப்புக்கொள்ளும்படி இல்லை. இந்த ஒப்பந்தம் 2036இல் முடிகிறது. அடுத்தது இதைவிடப் பெரிதாக வந்தால் விட்டுக்கொடுக்கும் தொகையும் கூடும். கட்டணம் ஒரு தடவை வருவது, பங்கு குறைவது நிரந்தரம். நிலத்தை விற்றுக் கைநிறையக் காசு பார்க்கிறவர் அடுத்த போகத்தையும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. ஓக்லஹோமா சிட்டியை ஏன் யாரும் பேசுவதில்லை? கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் சிதைந்தபோது 2005இலிருந்து இரண்டு சீசன் ஹார்னெட்ஸ் அங்கே ஆடியது, ஊர் அரங்கத்தை நிரப்பிக் காட்டியது. அதற்குப் பிறகுதான் அந்த ஊருக்கு அணி. 2023 டிசம்பரில் புது அரங்கத்துக்காக ஒரு சதவீத விற்பனை வரிக்கு 71 சதவீதம் பேர் சரி என்று வாக்களித்தார்கள். 2025இல் சாம்பியன். அணி இடம் மாறியதால் கூடைப்பந்துக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது. சியாட்டில் மக்கள் 2006இல் என்ன செய்தார்கள்? விளையாட்டு அரங்குக்கு நகரப் பணம் போனால் அதற்கு லாபம் வர வேண்டும் என்று ஒரு சட்டத்துக்கு அமோகமாக வாக்களித்தார்கள்.

மழைநகரம்:
ஆமாம், வாக்களித்தோம். அது சரியான வாக்கு. கோடீஸ்வரர்களின் அரங்கத்துக்குப் பள்ளிக்கூடப் பணமும் சாலைப் பணமும் போகக் கூடாது என்று ஓர் ஊர் நினைப்பதில் குற்றம் என்ன? அதன் பலனை இப்போது பாருங்கள். 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய பழைய கூரை பாதுகாக்கப்பட்ட சின்னம், அதைத் தொடக் கூடாது. கூரையைத் தற்காலிக இரும்புத் தூண்களில் தாங்கி நிறுத்திவிட்டு, அடியில் இருந்த அரங்கத்தை முழுக்கத் தோண்டியெடுத்துப் புதிதாகக் கட்டினார்கள். நூறு கோடி டாலருக்கு மேல் செலவு, தனியார் பணம். 2021இல் கிளைமேட் பிளெட்ஜ் அரீனா என்ற பெயரில் திறந்தது. அன்றைக்கு முடியாது என்றது இன்று நகரத்தின் தலையில் கடன் ஏற்றாமலேயே நடந்திருக்கிறது.

ஓக்லஹோமா மக்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் அணியை உயிராக நேசிக்கிறார்கள். அதனால்தான் இனி எந்த ஊரிலிருந்தும் எடுக்காதீர்கள் என்கிறேன்.

பீல்தெரு:
மெம்பிஸ் பெயர் அடிபடுவதால் உள்ளே வந்தேன். இங்கே வேலைக்கு வந்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டது, இந்த ஊர் கிரிஸ்லீஸ்தான் என் அணி.

சின்ன சந்தை என்று கணக்குப்பிள்ளை அண்ணன் சொல்வது உண்மை. ஆனால் இந்த ஊரில் பெரிய லீக் அணி என்றால் இது ஒன்றுதான். சாக் ராண்டால்ஃப், மார்க் கசோல், டோனி ஆலன், மைக் கான்லி ஆடிய காலத்தில் 2011இல் எட்டாம் இடத்திலிருந்து போய் முதலிடத்து சான் அன்டோனியோ ஸ்பர்ஸை வீழ்த்தினோம். அரங்கத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் லொரேன் மோட்டல், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட இடம், இப்போது குடிமை உரிமைகள் அருங்காட்சியகம். கிட்டத்தட்ட ஒவ்வோர் ஆண்டும், அவர் பிறந்தநாளை ஒட்டிய ஜனவரி விடுமுறை நாளில் இங்கே ஆட்டம் நடக்கிறது. வேறு ஊருக்குக் கொண்டுபோனால் அந்த நாளில் ஆட்டம் இருக்கலாம், அந்த அர்த்தம் இருக்காது.

ஸ்காபரோ பெடியன்:
எல்லாரும் கதைக்கிறீர்கள், வன்கூவரை ஒருத்தரும் சொல்லவில்லை. மெம்பிஸ் அண்ணை, உங்கட கிரிஸ்லீஸ் எங்கட நாட்டில் பிறந்த அணி என்பதை மறக்க வேண்டாம்.

1995இல் ரொறன்ரோவும் வன்கூவரும் ஒரே நாளில் உள்ளே வந்தன. இரண்டுக்கும் முதல் சில வருடங்கள் டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரரை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்வதில், முதலாவது தேர்வு கிடையாது என்று நிபந்தனை போட்டார்கள். கனடா டொலர் அமெரிக்கக் காசில் 65 சதம் அளவுக்கு விழுந்தது. வருமானம் கனடாக் காசில், சம்பளம் அமெரிக்கக் காசில். 1999இல் தெரிவான ஸ்டீவ் பிரான்சிஸ் அங்கே வரமாட்டேன் என்று நின்று ஹூஸ்டனுக்குப் போனார். ஆறு சீசனில் ஒரு தடவையும் 23 வெற்றியைத் தாண்டவில்லை. 2001இல் அணி மெம்பிஸுக்குப் போய்விட்டது. தோற்றது ஊர் அல்ல, அந்த அணியை நடத்திய விதம்.

இப்ப நிலைமை வேறு. 2019இல் ரொறன்ரோ ராப்டர்ஸ் சாம்பியன் ஆன இரவு ஸ்காபரோவில் எங்கட பெடியள் கார் ஹார்ன் அடித்தபடி விடியும்வரை றோட்டில் நின்றார்கள். அந்த அணியில் மெம்பிஸ் அண்ணை சொன்ன மார்க் கசோலும் இருந்தார். 2023 உலகக் கிண்ணத்தில் கனடா அமெரிக்காவைத் தோற்கடித்து வெண்கலம் எடுத்தது. 2025இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஹமில்ட்டனில் வளர்ந்த ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர். கூடைப்பந்து இவ்வளவு வளர்ந்த நாட்டுக்கு ஓர் அணி காணுமோ?

மூணுபாயிண்ட்:
தம்பி, நல்ல வாதம். ஆனால் சியாட்டிலுக்கும் வான்கூவருக்கும் 230 கிலோமீட்டர்தான். ஒரே சமயத்தில் இரண்டுக்கும் கொடுத்தால் ஒன்று மற்றொன்றின் ரசிகர்களை எடுத்துக்கொள்ளாதா? சியாட்டில் அணி வந்தாலே வான்கூவர்க்காரர்கள் எல்லையைத் தாண்டிப் போய்ப் பார்ப்பார்கள்.

ஸ்காபரோ பெடியன்:
இரண்டரை மணித்தியாலம், நடுவில் ஒரு நாட்டு எல்லை. செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக முடியுமோ? ஐஸ் ஹாக்கியில் இரண்டு ஊரும் நல்ல போட்டியாளர்கள். கூடைப்பந்திலும் அதுதான் நடக்கும். பக்கத்தில் எதிரி இருந்தால்தான் ஆட்டத்துக்குச் சூடு.

ஹென்டர்சன்:
லாஸ் வேகாஸை ஒட்டிய ஹென்டர்சனில் இருக்கிறேன். முதல் பதிவிலேயே எங்களை ஓரங்கட்டிவிட்டீர்கள், அதனால் எழுதத்தான் வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வேகாஸ் என்றால் ஹோட்டல் வரிசை மட்டும். இங்கே ஆசிரியர்கள், நர்ஸ்கள், கட்டடத் தொழிலாளர்கள் வாழ்கிறார்கள். கூடைப்பந்து இங்கே நேற்று வந்ததில்லை. எங்கள் பல்கலைக்கழக அணி 1990 கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் டியூக் பல்கலைக்கழகத்தை 103-73 என்று துவைத்தது. என்பிஏவின் கோடைக்கால லீக் 2004இலிருந்து இங்கேதான். பெண்கள் அணியான ஏசஸ் 2022, 2023, 2025 மூன்று முறை சாம்பியன்.

ஹாக்கி அணி வந்தபோதும், பாலைவனத்தில் ஐஸ் ஹாக்கியா என்றுதான் கேட்டார்கள். 2017 அக்டோபர் 1ஆம் தேதி இசை நிகழ்ச்சியில் துப்பாக்கிச் சூடு. முதல் சீசன் தொடங்க ஒரு வாரம்கூட இல்லை. ஆட்டக்காரர்கள் மருத்துவமனைக்கும் ரத்ததான முகாமுக்கும் போனார்கள். அந்தச் சீசன் முடியும் முன்பே 58 என்ற எண்ணை யாருக்கும் தரப்போவதில்லை என்று மேலே ஏற்றிவிட்டார்கள். அன்றிரவு இறந்தவர்கள் 58 பேர். ஊர் சொந்த அணி என்றால் என்ன என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. இங்கே யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள் என்று இனிமேல் சொல்லாதீர்கள்.

மூணுபாயிண்ட்:
அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு ஊர்ப்பற்று பற்றிக் கேட்க ஒன்றுமில்லை. சூதாட்டம் மட்டும் உறுத்துகிறது. 2024இல் பந்தயக்காரர்களுக்குத் தகவல் கொடுத்ததற்காக ஜான்டே போர்ட்டருக்கு வாழ்நாள் தடை. அந்த நிழல் இருக்கும்போது சூதாட்டத் தலைநகரிலேயே அணி வைக்க வேண்டுமா?

ஹென்டர்சன்:
போர்ட்டர் ஆடியது டொராண்டோவுக்கு, தம்பி. 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து பெரும்பாலான மாநிலங்களில் ஃபோனிலேயே பந்தயம் கட்டலாம். ஊர் எல்லையை வைத்து இதைத் தடுக்க முடியாது. இங்கே பந்தயக் கடைகளுக்குப் பல பத்தாண்டுகளாக மாநிலக் கண்காணிப்பு உண்டு, ஒரு சின்ன ஆட்டக்காரர் மீது திடீரென்று பெரிய தொகை விழுந்தால் முதலில் சந்தேகப்படுகிறவர்களும் அவர்கள்தான்.

கணக்குப்பிள்ளை:
சூதாட்டம் பற்றி அக்கா சொல்வது சரி. எனக்கு இன்னும் தீராதது அரங்கம். வேகாஸின் டி-மொபைல் அரீனா 2016இல் திறந்தது, 2017இலிருந்து ஹாக்கி அணி அங்கே ஆடுகிறது. அங்கே வாடகைக்கு இருப்பதா, புதிதாகக் கட்டுவதா? கட்டினால் யார் பணம்? சியாட்டிலில் இந்தக் கேள்விக்குப் பதில் கண்ணெதிரே நிற்கிறது, அதனால் ஓர் அணியோடு 31 ஆக்குவதற்கு நான் வேண்டுமானால் இறங்கி வருகிறேன். மெக்சிகோ சிட்டியையும் பார்த்துவிட்டேன். 22,000 பேர் அமரும் அரங்கமும் பெரிய மக்கள்தொகையும் இருக்கின்றன. ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் சீசன் முழுக்க 41 ஆட்டம் ஆட ஆட்டக்காரர் சங்கம் சம்மதிக்குமா என்பது சந்தேகம்.

மழைநகரம்:
31 என்பது அட்டவணைக்கு ஒத்துவராது சார், லீக்கின் கிழக்குப் பிரிவும் மேற்குப் பிரிவும் சமமாக இருக்காது. அதனால்தான் எப்போதும் இரண்டிரண்டாகப் பேசுகிறார்கள். சியாட்டில், வேகாஸ் இரண்டும் மேற்கில் சேர்ந்தால் மேற்கிலிருந்து ஓர் அணி கிழக்குக்குப் போக வேண்டும். மினசோட்டா, நியூ ஆர்லியன்ஸ், மெம்பிஸ் மூன்றில் ஒன்று.

பீல்தெரு:
அது நாங்களாக இருக்கட்டும். போர்ட்லாண்டில் எங்கள் அணி ஆடும் இரவுகளில் இங்கே ஆட்டம் தொடங்குவதே ஒன்பது மணி. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பாதி ஆட்டத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அட்லாண்டா இங்கிருந்து காரில் ஆறு மணி நேரம். இண்டியானாவும் சார்லட்டும் அந்தப் பக்கம்தான். சனிக்கிழமை ஆட்டமாக இருந்தால் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு ஞாயிறு வீடு திரும்பலாம்.